கடைசித் தாளின் பின்பக்கம்

எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் போவதென்றால் ஆளுக்கு முன்னால் நோட்டு போக வேண்டும். குடும்பத்துக்கு ஒரு நோட்டு. பெட்டிக்கடையில் விற்கிற நாற்பது பக்க நோட்டுதான். வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும், யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும், யாரை மாடு முட்டினாலும் எல்லாம் அதே நோட்டில். டாக்டர் தேதி போட்டு, இரண்டு வரி கிறுக்கி, கீழே ஒரு கோடு இழுப்பார். கோட்டுக்கு மேலே இருப்பது மாமனாரின் மூட்டுவலியா, மருமகளின் தலைசுற்றலா என்பது நோட்டுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொள்வார், அவருக்குத் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். இப்படியே வருடக்கணக்காக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மொரப்பூரிலிருந்து அரூர் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி அந்தக் கிளினிக் இருந்தது. முன்னால் தகர ஷெட், உள்ளே டாக்டர் அறை, அதற்குப் பின்னால் ஒரு கட்டில் போட்ட அறை. வரிசை என்றால் அங்கே ஆட்கள் நிற்பதில்லை, நோட்டுகள்தான் படுத்துக் கிடக்கும். மதியமே வந்து ஜன்னல் விளிம்பில் நோட்டை வைத்துவிட்டுச் சந்தைக்கோ காட்டுக்கோ போய்விடுவார்கள். அடுத்து வருகிறவர் அதன்மேல் தன் நோட்டை வைப்பார். நாலு மணிக்கு டாக்டர் வந்ததும் நர்சம்மா அந்த அடுக்கை அப்படியே குப்புறக் கவிழ்ப்பார். அடியில் கிடந்த முதல் நோட்டு மேலே வரும். யாராவது ஒருவர் தன் நோட்டை நைசாக நடுவில் செருகியிருப்பார். சண்டை வரும். "உங்க நோட்டு எங்க நோட்டுக்கு மேல எப்பிடிங்க வந்துச்சி" என்று கேட்டுக்கொண்டு காய்ச்சலோடு மல்லுக்கு நிற்பார்கள். காய்ச்சல்காரருக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வருமோ.

நர்சம்மா என்று நாங்கள்தான் கூப்பிட்டோமே தவிர, அவர் நர்ஸுக்குப் படித்தவர் இல்லை. ஷெட்டைக் கூட்டிப் பெருக்க வந்தவர், பார்த்துப் பார்த்து ஊசி போடக் கற்றுக்கொண்டார். பதமான கை. வலிக்காமல் போடுவார் என்பதற்காகவே அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. ஊசி போடாமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால் எங்கள் ஆட்களுக்குத் திருப்தி இருக்காது. "சும்மா அனுப்பிட்டாருங்க" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு போவார்கள். நானும் புலம்பியிருக்கிறேன். இப்போது எழுதும்போது நான் என்னவோ எல்லாம் தெரிந்தவள் மாதிரி எழுதிவிடக் கூடாது.

ஊசி மருந்து கிளினிக்கில் தீர்ந்துபோயிருந்தால் எதிரே மருந்துக் கடையில் வாங்கிவரச் சொல்வார்கள். அதற்குச் சீட்டு எழுதத் தனித்தாள் எதுவும் அங்கே கிடையாது. நோட்டு கிளினிக்கிலேயே இருக்க வேண்டும் என்பதால், நர்சம்மா நோட்டைக் கடைசி வரைக்கும் புரட்டி, கடைசித் தாளைச் சரக்கென்று கிழித்து, அதில் மருந்தின் பெயரை எழுதிக் கொடுப்பார். எங்கள் நோட்டுகளெல்லாம் முன்பக்கத்திலிருந்து நோயாலும் பின்பக்கத்திலிருந்து கிழிபட்டும் கரைந்துகொண்டே வரும். இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. பார்த்திருக்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்கு ஒரே தங்கை. கல்யாணம் ஆகிப் போனவள் அதே வருடம் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் அரூரில் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதுக்குப் பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வருவேன். ஆடுகள், மரவள்ளிக் காடு, வீடு மூன்றும் அவள் பொறுப்பில் இருந்தன. நாத்தனார் என்றால் எதிரும் புதிருமாக இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது. எங்களுக்கு அது கைவரவில்லை. என்னை அண்ணி என்பாள், கேலி செய்ய வேண்டுமென்றால் ஆபீசரு என்பாள். "ஆபீசரு வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று ஆடுகளிடம் சொல்வாள். களைத்துப்போய் வந்த எத்தனையோ சாயங்காலங்களில் அந்த ஒரு வார்த்தைக்கு நான் சிரித்திருக்கிறேன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

சில வருடங்களுக்கு முன் அவளுக்குச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. அங்கே ஓர் ஊசி போட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறிப் போனாள். நல்லவேளையாக எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தது, காப்பாற்றிவிட்டார்கள். அந்த டாக்டர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மருந்து இவங்களுக்கு ஜென்மத்துக்கும் போடக் கூடாது. எந்த டாக்டர் கிட்டப் போனாலும் மொதல்ல இதச் சொல்லுங்க" என்று சொன்னார். மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தார். வீட்டுக்கு வந்த அன்றே அதை அவள் பெயரோடு எங்கள் நோட்டில் சிவப்பு மையில் எழுதி, நாலு பக்கமும் கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். 'இந்த ஊசி இவருக்கு ஆகாது, போடவே கூடாது' என்று தமிழிலும் எழுதினேன். அவள் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள். "செவப்புல இருக்கறது என்னுது" என்று அடையாளம் வைத்துக்கொண்டாள். "அண்ணி எழுத்து அச்சடிச்ச மாதிரி" என்று போவோர் வருவோரிடமெல்லாம் நோட்டை விரித்துக் காட்டுவாள்.

என் கையெழுத்தில் எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. அலுவலகத்தில் வேலையே அதுதானே. வருகிற தாளுக்கு எண் போட்டு, கோப்பில் சேர்த்து, முக்கியமானதை முதல் தாளில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். அவசரக் குறிப்பைக் கோப்பின் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்தால் எங்கள் கண்காணிப்பாளர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

பழைய நோட்டு தீர்ந்து புது நோட்டு வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை. புது நோட்டு என்றால் எங்கள் வீட்டில் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, சாமி முன்னால் வைத்து எடுப்போம். பள்ளிக்கூட நோட்டோ பால் கணக்கு நோட்டோ, எதுவானாலும் அப்படித்தான். டாக்டர் நோட்டுக்கும் அதே மரியாதை. அவள் மூலைகளுக்கு மஞ்சள் தடவிக் கொடுத்தாள். நான் சுழி போட்டேன். பழைய நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

முதல் பக்கத்தில்தான் எழுதப் போனேன். பேனா தாளைத் தொடவில்லை. மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே முதல் வார்த்தையாக 'ஆகாது' என்றா எழுதுவது? அவள் பெயரையும் அந்த வார்த்தையையும் ஒன்றாக வைத்து நோட்டைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"கடைசில எழுதிடுங்க அண்ணி. தேடறதுக்கும் சுலுவு, நோட்டத் திருப்புனா உடனே தெரியும்" என்றாள்.

பழியை அவள் தலையில் கட்ட இதை எழுதவில்லை. அவள் சொல்லாவிட்டாலும் நான் அங்கேதான் எழுதியிருப்பேன். நோட்டைத் திருப்பி, பின் அட்டையைத் திறந்து, கடைசித் தாளின் பின்பக்கத்தில், அட்டையைப் பார்த்தபடி இருக்கிற பக்கத்தில், பழையபடியே கட்டம் கட்டிச் சிவப்பில் எழுதினேன். முன்னதைவிட இன்னும் அழகாக வந்தது. முதல் பக்கம் சுழியோடு வெறுமனே விடப்பட்டது. டாக்டர் இரண்டாம் பக்கத்திலிருந்து எழுதட்டும் என்று வைத்தேன். அவரும் கேள்வி கேட்காமல் இரண்டாம் பக்கத்திலிருந்துதான் எழுதினார். எல்லார் வீட்டு நோட்டிலும் முதல் பக்கம் அப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது.

புது நோட்டில் முதலில் ஏறியது என் கணவர். காட்டில் கலப்பை பட்டுக் காலைக் கிழித்துக்கொண்டார். ஐந்து நாள் தொடர்ந்து ஊசி போட்டார்கள். மருந்து கிளினிக்கிலேயே இருந்ததால் சீட்டு எழுதவில்லை, நோட்டிலும் தாள் கிழியவில்லை. அந்த ஐந்து நாளும் வரிசையாக நோட்டில் ஏறின. யார் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வேலி தாண்டிய ஒரு கிடாயைத் துரத்திப் போன என் நாத்தனாருக்குக் கெண்டைக்காலில் கம்பி வேலி கிழித்துவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு இரண்டு நாள் நடமாடினாள். மூன்றாம் நாள் கால் வீங்கிச் சிவந்துவிட்டது. காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது நான் கத்திவிட்டுத்தான் போனேன். "மதியமே போய் நோட்ட வையி. நான் ஆபீசுல சொல்லிட்டு நாலு மணிக்கெல்லாம் அங்க வந்துடறன். நான் வராம ஊசி போட்டுக்காத" என்றேன். அவள் எழுந்து நின்று, "சரிங்க ஆபீசரு" என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது நாலரை தாண்டிவிட்டது. அவள் சீக்கிரமே நோட்டை வைத்திருந்ததால் முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு சீட்டு.

"ஊசி மருந்து இல்லியாம் அண்ணி. எதுத்த கடையில வாங்கியாரச் சொன்னாங்க."

"சேலத்து ஊசியப் பத்திச் சொன்னியா?"

"நோட்டக் குடுத்தன் அண்ணி. அதுலதான் நீங்க எழுதி வச்சிருக்கீங்களே. டாக்டரு நோட்டப் பொரட்டிப் பாத்துட்டுத்தான் சொன்னாரு, போன தடவ போட்ட அதே ஊசிதான், ஒண்ணும் ஆவாதுன்னு."

புரட்டிப் பார்த்தார் என்ற சொல் எனக்குப் போதுமாக இருந்தது. சிவப்புக் கட்டத்தைத்தான் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அறை வாசலில் ஏழெட்டுப் பேர் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதித்தான் வைத்திருக்கிறோமே, நெருக்கிக்கொண்டு போய் நாலு பேரிடம் ஏச்சு வாங்குவானேன் என்று பட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு சாலையைத் தாண்டினேன். நர்சம்மாவின் கோணல் எழுத்தில் ஒரு கம்பெனிப் பெயர் இருந்தது. சேலத்தில் எழுதிக் கொடுத்தது மருந்தின் சொந்தப் பெயர். ஒரே மருந்துக்குக் கடையில் பத்துப் பெயர் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடைக்காரர் சீட்டைக் கவுண்டரில் வைத்துப் பார்த்தார், மருந்தை எடுத்தார், கவரில் போட்டார், சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். நாலாக மடித்து, ஹேண்ட்பேக்கின் பக்கவாட்டு அறையில், பழைய பஸ் டிக்கெட்டுகளோடு போட்டுக்கொண்டேன்.

புது ஊசி என்றால் முதலில் கையில் ஒரு பொட்டளவு போட்டுப் பார்த்துக் காத்திருப்பார்கள். அன்று அதைச் செய்யவில்லை. ஐந்து நாள் ஏற்கெனவே போட்டுக்கொண்டதாக நோட்டு சொல்கிற ஆளுக்கு எதற்கு? கட்டில் அறையில் நர்சம்மா வழக்கம்போலப் பதமாகப் போட்டார். "வலிச்சுதா?" என்று கேட்டார். "எறும்பு கடிச்சாப்புல கூட இல்லீங்க" என்றாள் அவள். நான் தலைமாட்டில் நின்றிருந்தேன்.

"அண்ணி, உள்ளங்கை அரிக்குது" என்றாள் முதலில். அப்புறம், "நாக்கு தடிக்குது" என்றாள். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சேலத்தில் பார்த்த அதே முகம். டாக்டர் செருப்புக் கூடப் போடாமல் ஓடி வந்தார். ஏதேதோ ஊசிகளை அடுத்தடுத்துப் போட்டார். மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நின்றிருந்தது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டும் காய்ந்த மாலையும் அதன்மேல் அப்படியே இருந்தன. அந்த அறைக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, பரவாயில்லை, இங்கேயும் எல்லாம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டது உண்டு. அதைத் திறக்கிற சாவியை நர்சம்மா தேடினார். கிடைத்துத் திறந்தபோது உள்ளே ஒன்றும் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. தருமபுரிக்குக் கிளம்பினோம். பாதி வழிகூடப் போகவில்லை. அவள் என் ஹேண்ட்பேக்கின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஊர் கூடியது. "அவ ஆயுசு அவ்ளோதாம்மா" என்று ஆளாளுக்கு என் தோளைத் தட்டினார்கள். டாக்டர் வந்து தெருக்கோடியில் கைகட்டி நின்றுவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஒரு டீ குடிக்கக்கூட எழாமல் சாயங்காலம் முழுவதும் எங்களைப் பார்க்கிறவர். அவர் போய்விட்டால் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கணவர் ஆடுகளை அவிழ்த்துக் கட்டுவதும் மறுபடி அவிழ்ப்பதுமாக இருந்தார். எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. நான் எழுதி வைத்திருந்தேன். அவர் படிக்கவில்லை. இரண்டு வாரமாக இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் நான் தின்றேன், குடித்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆம்புலன்ஸில் வந்த சாமான்களோடு அதைப் பீரோவின் மேல் போட்டு வைத்திருந்தார்கள். மஞ்சள் மூலைகளைப் பார்க்கத் தாளாமல் அதைத் திறக்காமலே பைக்குள் வைத்தேன். நாலு மணிக்குப் போய் ஜன்னலில் நோட்டை வைக்காமல், நேரே டாக்டர் அறைக்குள் போய் நின்றேன். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"எழுதி வச்சிருந்தனே சார். செவப்பு மையில, கட்டம் கட்டி. ஒரு தடவ நோட்டத் திருப்பிப் பாக்க உங்களுக்கு நேரம் இல்லியா? நாங்க என்ன ஆடா மாடா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எங்கம்மா எழுதியிருக்கு? காட்டுங்க" என்றார்.

நோட்டைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்து, பின் அட்டையைத் திறந்தேன். எதிரே வெள்ளைப் பக்கம். ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் முன்னால் புரட்டினேன். அதிலும் இல்லை. நோட்டின் முதுகை ஒட்டி, கிழித்த தாளின் ஓரம் ஒன்று சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டரும் குனிந்து தேடினார். அவர் முகத்தில் எனக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. நிமிர்ந்தபோது கதவருகே நர்சம்மா நிற்பதைப் பார்த்தேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, அந்தக் கிழிந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறிவிட்டது.

"பாவம், அந்தப் பொண்ணு நெனப்புல கொழம்பிக் கெடக்குது" என்று வாசலில் யாரோ சொன்னார்கள். டாக்டர் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "வூட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் ஹேண்ட்பேக்கைத் திறந்தேன். திறக்கும்போதே என்ன இருக்கும் என்று தெரியும். பக்கவாட்டு அறையில், டிக்கெட்டுகளுக்கு நடுவே, நாலாக மடித்த சீட்டு. ஒரு பக்கம் நர்சம்மாவின் எழுத்து. திருப்பினேன். என் எழுத்து. கட்டம் கோணாமல் இருந்தது. சிவப்பு மை கொஞ்சமும் கலையவில்லை. 'இந்த ஊசி இவருக்கு ஆகாது, போடவே கூடாது.' அந்த ஊசியை வாங்கத்தான் அந்தத் தாளை நானே கையில் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டியிருக்கிறேன். கடைக்காரரிடம் நீட்டியிருக்கிறேன். திரும்ப வாங்கி மடித்தும் வைத்திருக்கிறேன். மடிக்கும்போது எந்தப் பக்கம் உள்ளே போயிருக்கும்? சிவப்பு மை என் கட்டை விரலுக்கு அடியிலேயே இருந்திருக்குமோ? இதை இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கணவரிடம் சொல்லவில்லை. சீட்டைக் கிழிக்கவும் இல்லை. அலுவலகத்தில் என் மேஜை அறையில், முத்திரைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. அதற்கு எண் போட்டால் எந்தக் கோப்பில் சேர்ப்பேன் என்று சில மதியங்களில் யோசிப்பேன். மனு எழுதலாம். டாக்டர் மேல், நர்சம்மா மேல், காலியாக நின்ற சிலிண்டர் மேல். எழுதத் தொடங்கினால் நோட்டின் முதல் பக்கம் ஏன் காலியாக இருந்தது என்றும் எழுத வேண்டும். அங்கே வந்து பேனா நின்றுவிடுகிறது. ஒரு நல்ல நாளில், மஞ்சள் வாசனையில், அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்து நான் செய்த காரியம் அது. இதை எந்த அதிகாரிக்கு எப்படி விளக்குவது?

ஐப்பசியில் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளாகியும் விடவில்லை. வேறு எங்கே போவது? அதே நோட்டோடு அதே கிளினிக்குக்குத்தான் போனோம். அதே ஜன்னல், அதே அடுக்கு. தாமதமாகப் போனதால் எங்கள் நோட்டு அடியில் கிடந்தது. நர்சம்மா என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றை இரண்டு பேருமே சொல்லவில்லை. அவர் சொன்னால் அவர் வேலை போகும். நான் சொன்னால் என்ன போகும் என்று கேட்டுப் பார்த்தேன். போவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்படியும் வாய் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாள் உள்ளே போனார். இண்டூர் பக்கம் கட்டிக்கொடுத்த மகளோடு வந்திருந்தார், மகளுக்குத்தான் உடம்பு சரியில்லை. நர்சம்மா அவர்கள் நோட்டைக் கடைசி வரை புரட்டினார். சரக்கென்று கிழித்தார். எழுதிக் கொடுத்தார். திருப்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் சீட்டோடு என்னைத் தாண்டிப் போனபோது, தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருப்பது மங்கலாகத் தெரிந்தது.

நான் எழுந்து ஓடினேன். சாலையின் நடுவில் அவர் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கினேன். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. திருப்பிப் பார்த்தேன். ஒரு போன் நம்பர். அதன் பக்கத்தில் 'அறுப்பு மிசின்காரர்' என்று எழுதியிருந்தது.

"இன்னாம்மா? இன்னா ஆச்சி?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார்.

கிளினிக் வாசலில் நர்சம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவரும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப் போவதில்லை.

"ஒண்ணும் இல்லீங்க. என்னுதுன்னு நெனச்சிட்டன்" என்று சொல்லிச் சீட்டை அவரிடமே கொடுத்தேன். அவர் அதை மடித்துக்கொண்டு கடைப்பக்கம் போனார். நான் திரும்பி வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் நோட்டுக்கு மேலே இன்னும் ஆறு நோட்டு இருந்தது.